பௌர்ணமிக்கு மறுநாள் ஆட்டம்

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, வகுப்புக்குள் நுழையும்போது அப்சல் போன் செய்தான். "அப்பா போயிட்டாருண்ணா" என்று மட்டும் சொன்னான். அவன் அப்பா ஜானி பாஷா, எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர், எங்களுக்கெல்லாம் மாஸ்டர். மெத்தைக் கடையில் பஞ்சு மூட்டையின் மேல் சாய்ந்தவர் எழவில்லையாம்.

அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதல்வர் வரவில்லை.

மெத்தை தைப்பது திருவண்ணாமலையில் மாஸ்டர் குடும்பத்துத் தொழில். கால்பந்து அவராகத் தேடிக்கொண்டது. மாவட்ட அணிக்கு ஆடினார். முழங்கால் கெட்டபின் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்தார். நிரந்தர வேலை அல்ல, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். விடியற்காலை மைதானம், பிறகு கடை. நானும் அவரிடம் ஆடியவன்தான். அதே கல்லூரியில் வணிகவியல் ஆசிரியராக வந்த பிறகு, மற்றவர்கள் முன்னால் என்னை "சார்" என்பார். தனியாக இருந்தால், "பிரசாத்து, பந்தவிட உன் தொப்ப நல்லா உருண்டையா கீது" என்பார்.

இந்த ஆண்டு தொடக்கத்திலேயே முதல்வர் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை போகவேண்டும், இல்லாவிட்டால் கால்பந்து அணி கிடையாது. மாஸ்டர் அதைப் பையன்களிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் காதுக்குப் போய்விட்டது. முதல் ஆட்டத்தை வேலூரில் சாகில் அடித்த ஒரே கோலில் வென்றார்கள். அடுத்தது பெனால்டிவரை போனது. கோல்கீப்பர் மாறன் பாய்ந்து காப்பாற்றினான். அரையிறுதி எங்கள் மைதானத்தில் என்று முடிவானது. ஆட்டத் தேதியை நாங்களே சொல்லலாம்.

கல்லூரியில் புதன்கிழமை வைக்கலாம் என்றார்கள். மாஸ்டர்தான் ஞாயிறு கேட்டார். மாறனின் அம்மா கன்னியம்மாள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சுண்டல் விற்கிறவர். மகன் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பௌர்ணமி வியாபாரம் முடிந்த ஞாயிறு என்றால் அவரும் மற்ற பெற்றோர்களும் வருவார்கள் என்பது மாஸ்டரின் எண்ணம்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எங்கள் மைதானத்தை வெளியூர் வண்டிகள் நிறுத்தக் கொடுத்துவிடுவார்கள். அந்த முறை திதி சனிக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்தது. திதி முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும், இரவுக்குள் வண்டிகள் போய்விடும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். இந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் இப்போது வருகிறவர்கள் திதி பார்த்து வருவதில்லை, லீவு பார்த்து வருகிறார்கள். சனிக்கிழமை இரவு இன்னும் அதிகமாக வந்தார்கள். நடுவில் மழையும் பெய்தது.

ஞாயிறு காலை நான் போனபோது மைதானம் முழுக்க பஸ்கள் நின்றன. சில பஸ்கள் சேற்றில் அச்சுவரை புதைந்திருந்தன. மாஸ்டர் ஒவ்வொரு டிரைவராக எழுப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பையன்கள் ஜெர்சியோடு பஸ்ஸைத் தள்ளினார்கள். "ஏன் பாய், பஸ்ஸ சுத்தி ஆடுங்களேன், அதுவும் கிரிவலம்தானே" என்று ஒரு டிரைவர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிரணி வந்து ஓரமாக நின்றது. நடுவர் விதிப்படி காத்திருந்துவிட்டு, ஆடாமலே வெற்றி என்று வந்த அணிக்கு வாக்ஓவர் கொடுத்தார். கன்னியம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று என்னிடம் கேட்டார்.

மைதானத்தை வண்டிகளுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவர் முதல்வர். விசாரணைக்குக் கூப்பிடப்பட்டவர் மாஸ்டர். நானும் அங்கே இருந்தேன்.

"ஊர்க்காரர் நீங்க. பௌர்ணமிக் கூட்டம் எப்ப போகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார் முதல்வர்.

"தெரியும்னுதான் நெனச்சேன் சார்" என்றார் மாஸ்டர்.

புதன்கிழமையை ஏன் வேண்டாம் என்றார் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த வாரமே அணியைக் கலைத்தார்கள். சாகில் மதியத்துக்குமேல் ஒரு கஃபேயில் வேலைக்குப் போகிறான். மாறன் வகுப்புக்கே சரியாக வருவதில்லை. தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கடையில் என்னிடம் மாஸ்டர் ஒருமுறை சொன்னார். பிறகு வாடிக்கையாளர் வர, தலையணை உறையை எடுத்துக் காட்டப் போய்விட்டார்.

போன வாரம் கல்லூரியிலிருந்து அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்க ஆள் வருகிறது, அதற்குள் வலைகளைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். சாவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், தனியாகப் போயிருக்கிறார். கத்தியால் அறுத்துவிடலாமே என்று வாட்ச்மேன் சடையன் கேட்டிருக்கிறார். "வேற எங்கனா பசங்க ஆடுவானுங்க" என்று சொல்லிவிட்டு, நகத்தாலேயே முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறார். இருட்டியதும், மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

தெற்குக் கம்பத்து வலை மடித்து ஸ்டோர் ரூமில் இருக்கிறது. வடக்குக் கம்பத்து வலையில் ஒரு பக்க முடிச்சுகள்தான் அவிழ்ந்திருக்கின்றன.