பலேர்மோ நீதிமன்றப் படியில் ஒரு பொட்டு

பிள்ளையின் கன்னத்துப் பொட்டை நான் துடைத்தது சரியா? இன்னும் விடை தெரியவில்லை.

இத்தாலியின் நாப்போலி நகரிலிருந்து கப்பலில் வந்திறங்கி, மகளைத் தூக்கிக்கொண்டு பலேர்மோவின் பழைய நீதிமன்றப் படியில் நிற்கிறேன். மாகாணத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தவர்கள் பெரிய கல்தூண்களின் கீழே புகைத்தபடி காத்திருக்கிறார்கள். மகள் என்னோடு வளர்வதா, பிரிந்துபோன கணவரோடா என்ற வழக்கில் நீதிபதி இன்று அவளைப் பார்க்கப்போகிறார்.

தன் வழக்குக்காக வந்திருக்கும் மன்னார் அக்கா ஒருவர் அருகில் வருகிறார்.

"தங்கச்சி, கன்னத்திலை என்ன கறுப்பு? அடிச்ச காயமெண்டு நினைப்பினம். துடையுங்கோ."

"கண்ணூறு படாமல் வைச்சதக்கா."

"இஞ்சை இருக்கிற கண்ணுகளுக்கு உந்தப் பொட்டுப் போதாது."

எச்சில் தொட்டுத் துடைக்கிறேன். மை பரவி, கன்னம் உண்மையிலேயே கன்றிப்போனதுபோல ஆகிறது. அந்த நேரம் பார்த்துக் கணவர் தன் வழக்கறிஞருடன் படியேறி வருகிறார்.

"ஒரு பிள்ளையை ஒழுங்கா வைச்சிருக்கத் தெரியேல்லை."

வழக்கறிஞருக்குக் கன்னத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அவர் கைபேசியில் படமெடுக்கிறார். அது மை என்று கணவர் சொல்லவில்லை. இவள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று முதன்முதலாகப் பொட்டு வைத்தவரே அவர்தான்.

இன்று தீர்ப்பில்லை; அடுத்த தவணைக்கும் இவளைக் கொண்டுவர வேண்டும். பொட்டோடு வருவதா, இல்லாமல் வருவதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.