நகம் தட்டாத மூலை

ஈயப் பட்டறைக்காரர் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். ஆனாலும் அவர் கையால் செய்த பெட்டி ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. படித்தவர்கள் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை, சொல்லுங்கள் பார்ப்போம்!

எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் கருந்துளை வாயுவை இழுத்து விழுங்கும். விழுங்குமுன் அந்த வாயு கொதித்து, தூசுத் திரையையும் துளைத்து வரும் கடும் எக்ஸ்ரே கதிரை வீசும். அதைப் பிடிக்கும் கருவிக்குத்தான் அந்தப் பெட்டி. பக்கவாட்டுக் கதிரைத் தடுக்க வெளியே காரீயம். கதிர் பட்டால் காரீயமும் தன் பங்குக்கு ஒரு கதிரைக் கக்கும் என்பதால், அதை மறிக்க உள்ளே வெள்ளீயம், அதற்கும் உள்ளே செம்பு.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னவள், அந்தக் கருவியில் ஆராய்ச்சி செய்யும் அவருடைய மகள். மதியம் தகடு உருட்டும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, பெட்டிக்குள்ள மூலைய எத வச்சுப் பத்த வச்சீங்க?"

"ஏம்மா, விட்டுருச்சா? யானை ஏறி மிதிச்சாலும் நான் வச்ச பத்து விடாதே!"

"அது இல்லப்பா. அந்த கேலக்ஸியோட கதிர் கிராஃப்ல புதுசா ஒரு மேடு தெரியுதுன்னு சொன்னேன்ல? கருவிய வெறும் வானத்துப் பக்கம் திருப்பினோம். அங்கயும் லேசா இருக்கிற மாதிரி இருக்கு. காரீயம் கக்குற கதிர் வர்ற இடத்துலயே. நீங்க சுத்த வெள்ளீயம்னு சொல்லுங்க, நாளைக்கே கட்டுரைய அனுப்பிடுறேன்."

செம்பை மடித்து விட்டாலே போதும் என்றுதான் பெட்டியின் வரைபடம் சொன்னது. மடிப்பு தெரிந்தால் அவருக்கு மானக்கேடு. அதனால் தகடுகளை ஒட்டும் வழக்கமான பற்றை உருக்கி ஊற்றி, நகம் தட்டாத அளவுக்கு இழைத்திருந்தார்.

வெள்ளீயம் என்று சொன்னால் தீர்ந்தது. யார் மேலே போய்ச் சுரண்டப் போகிறார்கள்?

"காரீயம் கலந்ததும்மா," என்றார். தன் குரல் பக்கத்துக் கடையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"சரிப்பா. அவ்ளோ தூரம் பார்த்து, கடைசியில நம்ம பட்டறையத்தான் பார்த்திருக்கேன்."

"அப்ப கட்டுரை?"

"இனி அது இல்லப்பா. போனை வச்சிடுறேன்."

வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரிப் பெட்டியை அவர் அலமாரியிலிருந்து எடுத்தார். உள்ளே கைவிட்டு மூலையில் கட்டைவிரலை ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். பிறகு அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு, பாதியில் நின்ற தகட்டை உருட்டப் போனார்.