சித்தியின் ஐஸ் பெட்டி

சித்திக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். அது என்ன வேலை என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில வேலை" என்பது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அம்மாவின் தங்கையான சித்தி பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்களோடு கே.ஜி.கண்டிகையில் இருந்தாள். அவள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று நான் மனசுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நாள் வேலை முடிந்து அவள் திரும்பியபோது தோளில் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தொங்கியது. திறந்து காட்டினாள். உள்ளே ஐஸ் கட்டிகளும் மூடி போட்ட சின்னச் சின்னக் குப்பிகளும் இருந்தன.

"ஐஸ் விக்கப் போறியா சித்தி?"

"இல்ல பாப்பா. கொழந்தைங்களுக்கு வயித்தால போச்சுன்னா, அந்த ஆய எடுத்துகினு போறதுக்கு."

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வேலை என்னவோ பெரிய வேலைதான். அது எங்களுக்குத்தான் பெரிதாகத் தெரியவில்லை. கைக்குழந்தைகளுக்கு வருகிற கடுமையான பேதிக்கு ஒரு கிருமி காரணம் என்றும், அதைத் தடுக்க நம் நாட்டிலேயே ஒரு சொட்டு மருந்து செய்திருக்கிறார்கள் என்றும், அது பலிக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி என்றும் சித்தி விளக்கினாள். ஊர் ஊராகப் போய், பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளைச் சேர்த்தார்கள். சேர்ந்த குழந்தைக்கு மூன்று தடவை சொட்டு மருந்து. ஆனால் ஒரு விஷயம். சிலருக்கு நிஜ மருந்து. மற்றவர்களுக்கு அதே நிறத்தில், அதே குப்பியில், மருந்தில்லாத வெறும் திரவம். எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது.

"தெரிஞ்சா நாங்களே பாரபட்சமா பாத்துடுவோம் இல்ல? அதான்" என்றாள் சித்தி.

அப்போது கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்கும் எதிர்வீட்டு அக்காவின் பெண்ணுக்கும் பன்னிரண்டு நாள்தான் வித்தியாசம். இரண்டு பேரையும் சேர்க்க ஒரே நாளில் வந்து கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா உடனே சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் மூன்று நாள் யோசித்தார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த நேரத்திலும் வண்டியும் வைத்தியமும் உண்டு என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவே நேரில் வந்து சொன்ன பிறகுதான் போட்டார்.

அதிலிருந்து சித்தி வாரத்துக்கு இரண்டு முறை வீடு வீடாகப் போனாள். ஊரில் அவளுக்கு 'ஆய் டப்பாக்காரி' என்று பெயர் வந்தது. அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சித்தி ஐஸ்கிரீம் கம்பெனியில் ஆபீசர் என்று நான் ஒரு புளுகு விட்டேன். மறுநாளே நாலு பேர் ஐஸ்கிரீம் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சித்தி தயாராகத்தான் இருந்தாள். நான்தான் ஓடிப்போய் மூடிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

தம்பிக்குப் பத்து மாதம் ஆனபோது ஆடிக் கிருத்திகை வந்தது. நைனா காவடி எடுத்துக்கொண்டு விடியலிலேயே திருத்தணி மலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தம்பி வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அப்புறம் வயிற்றால் போனது. எட்டு மணிக்குள் எத்தனை துணி மாற்றினோம் என்று கணக்கில்லை. ஒன்பது மணிக்கு அவன் அழுதான். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

சித்தி அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டாள். தோல் உடனே சமமாகாமல் அப்படியே மடிந்து நின்றது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அக்கா, உடம்புல தண்ணி வத்திப் போச்சு. கெளம்பு."

போன் போட்டாள். திருத்தணியில் இருந்த ஆராய்ச்சி ஆபீஸின் ஜீப் கிருத்திகைக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் நாமே போய்விடலாம் என்று ஆட்டோ பிடித்தாள். கிளம்புவதற்கு முன் தம்பியின் துணியில் இருந்ததை ஒரு குப்பியில் எடுத்து, எண் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். அந்த நேரத்திலும் அதை மறக்கவில்லையே என்று எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம்.

ஆட்டோவில் அம்மா மடியில் தம்பி. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார்கள். டம்ளரைச் சிந்தாமல் பிடித்திருப்பது என் வேலை. திருத்தணி எல்லையிலேயே போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ்கூட உள்ளே போகவில்லை. இறங்கி நடந்தோம். டாக்டரம்மா இருக்கிற ஆபீஸ் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம். சாதாரண நாளில் கால்மணி நேர நடைதான். அன்றைக்கோ அடி எடுத்து வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் மஞ்சள் துணி, காவடி, மேளம், அரோகரா.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகிவிடுமே என்று, யாரோ தெருவோரம் விற்ற மஞ்சள் துணி ஒன்றை வாங்கி, தண்ணீரில் நனைத்து, பெட்டியைச் சுற்றிக் கட்டினாள் சித்தி. இடுப்பில் வைத்தால் இடிக்கிறார்கள் என்று தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பின்னால் தம்பியை மார்போடு அணைத்தபடி அம்மா. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான்.

பத்தடி போயிருப்போம். விசில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்திய ஒரு வாலிபர் சித்தியைப் பார்த்தார். தலையில் மஞ்சள் துணி கட்டிய பாரம், அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர், பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒரு தாய்.

"பால்குடம் வந்துகினு இருக்குது! வழி வுடுங்க, வழி வுடுங்க!" என்று கத்தினார்.

சித்தி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். திரும்பி ஒருமுறை தம்பியைப் பார்த்தாள். தலை தொங்கியிருந்தது. திறந்த வாயை அவள் வீணாக்கவில்லை.

"அரோகரா!" என்றாள்.

அந்தத் தெருவில் அதுவரை அத்தனை சத்தமாக யாரும் அரோகரா சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு காவடிக்காரர் ஆடிக்கொண்டே ஒதுங்கி நின்றார். ஓர் அம்மாள் குடத்தோடு ஓடிவந்து சித்தியின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார். எங்கிருந்தோ சாமந்திப்பூ வந்து பெட்டிமேல் விழுந்தது. ஒரு பெரியவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினார்.

"தொடக் கூடாதுங்க! தொடவே கூடாது!" என்று சித்தி அலறினாள்.

கடுமையான விரதம் போல என்று பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு இன்னும் இரண்டு பேரைத் தள்ளி நிற்க வைத்தார். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. முருகன் மலைமேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். நானும் ஒரு அரோகரா போட்டு வைத்தேன்.

கூட்டம் விட்ட வழியில் கொஞ்ச நேரத்துக்குள் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா தம்பியை வாங்கிக் கட்டிலில் போட்டார். நரம்பு கிடைக்கவில்லை. கையில் பார்த்தார், காலில் பார்த்தார், மூன்றாவது தடவை கிடைத்தது. பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவனுக்குள் இறங்க ஆரம்பித்தது. நர்ஸ் சித்தியின் மஞ்சள் காலையும் பெட்டிமேல் இருந்த பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, கோயிலுக்குப் போயிட்டா வர்றீங்க?"

"கோயிலே வழி வுட்டுச்சுக்கா" என்றாள் சித்தி. அப்புறம் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, வந்த வழியெல்லாம் அழாத அழுகையை அழுதாள்.

ஐஸ் பாதிக்கு மேல் உருகியிருந்தது. ஆனாலும் குப்பி சில்லென்றுதான் இருந்தது. மத்தியானம் வண்டியில் அது பெரிய ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டது.

நைனாவுக்குச் செய்தி எட்டி அவர் மலையிலிருந்து ஓடிவந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. தம்பி கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நைனா அவனை அப்படியே தூக்கி மடியில் வைத்தார். அடுத்த நிமிடம் அவருடைய மஞ்சள் வேட்டி நனைந்தது.

"ஒண்ணுக்குப் போய்ட்டான்! போய்ட்டான்!" என்று டாக்டரம்மா கையைத் தட்டினார். உடம்பில் தண்ணீர் ஊறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். நர்ஸ் தட்டினார், சித்தி தட்டினாள், அம்மா புடவையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். ஒருவன் மூத்திரம் போனதற்கு இத்தனை பேர் கைதட்டி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நனைந்த வேட்டியோடு நைனா சித்தியைக் கும்பிட்டார்.

"இன்னா பாவா இது, எனக்குப் போயி" என்று அக்கா புருஷனிடமிருந்து அவள் நகர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நானே போய் என் சித்தி ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. அது வேறு கதை.

தம்பி ஓடியாடிப் பேச ஆரம்பித்துவிட்ட பிறகு, திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டார்கள். கேசரி, போண்டா, மைக் செட்டு. டாக்டரம்மா மேடையேறி, "மருந்து பலிச்சிடுச்சு" என்றார். மண்டபம் அதிர்ந்தது. இனி நாடு முழுக்க, பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் இதைக் கொடுக்க வழி பிறந்திருக்கிறது என்றார். சித்தியையும் அவளைப் போல ஊர் ஊராகப் பெட்டி சுமந்தவர்களையும் மேடைக்கு அழைத்தார். சித்தி கல்யாணப்பெண்போலத் தலையைக் குனிந்து நின்றாள். நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன்.

பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒட்டிய கவர் ஒன்று கொடுத்தார்கள். அவரவர் குழந்தைக்கு எது கிடைத்தது என்று அதில் இருந்தது. எதிர்வீட்டு அக்காவின் பெண்ணுக்கு நிஜ மருந்து. அவளுக்கு ஒருநாள்கூடப் பெரிதாக வயிற்றால் போனதில்லை. நைனா எங்கள் கவரைப் பிரித்து, இரண்டு தடவை படித்து, அம்மாவிடம் நீட்டினார். தம்பிக்கு வெறும் திரவம்.

எனக்கு ஏதோ பந்தயத்தில் நாங்கள் மட்டும் தோற்றுவிட்டதுபோல இருந்தது.

மேடையில் டாக்டரம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "மருந்து குடிச்ச கொழந்தைங்க தப்பிச்சாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது? குடிக்காத கொழந்தைங்களோட வெச்சுப் பாத்ததாலதான். இந்த ரெண்டு பக்கமும் இல்லன்னா நம்ம கையில ஒண்ணுமே இல்ல."

எதிர்வீட்டு அக்கா இரண்டு கவர்களையும் பார்த்தார். எழுந்து வந்து, அம்மா பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்த தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் இறங்கத் திமிறினான். அவர் விடவில்லை. எண்ணெய் ஒட்டிய அவன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கையில் கேசரியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். நிஜ மருந்து கிடைத்தது அவர் பெண்ணுக்கு. எங்களுக்கல்லவா கிடைக்காமல் போனது. அழ வேண்டியவர்கள் நாங்களாக இருக்க, இவர் எதற்காக அழுகிறார் என்று எனக்கு அன்று கொஞ்சமும் விளங்கவில்லை.