கால்டரின் பேரிக்காய் மரம்

கால்டர் எங்கள் வாசலுக்கு வந்த முதல் நாளே தேநீர் கொடுத்திருக்கக் கூடாது. இதை என் மனைவி சவிதாவிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். ஃபிஜியில் அவள் வளர்ந்த வீட்டில், வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் இல்லையாம். இது வெஸ்ட்கேட், நாங்கள் குடியேறிய நகரத்தின் புறநகர். இங்கே வாசலுக்கு வருகிறவர்கள் சோலார் விற்க வருகிறவர்கள். அவர்களுக்கும் பஜியா கொடுத்து அனுப்புகிறவள் அவள்.

கால்டருக்கு எண்பத்திரண்டு வயது. கையில் ஒரு தடித்த ஃபைல். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து இந்தப் பக்கம் நிலம் வாங்கினாராம். அங்கே கட்டிய தன் வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரம் நட்டதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாராம். இந்த வட்டாரத்தில் பழைய பேரிக்காய் மரம் எங்கள் கொல்லையில் மட்டும்தான் நிற்கிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றவர் இரண்டு வருடம் வந்தார்.

நான் மங்கரேயில் லாரி ஓட்டுகிறேன், ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளும் கால்டரோடு, டனீடனிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, ஆஸ்திரேலியாவிலிருந்து அத்தை மகள் என்று ஒரு கூட்டம். மரத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். கால்டரின் மனைவி மார்கரெட் மட்டும் சக்கர நாற்காலியில் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார். சவிதாவின் மாங்காய் ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

மரத்தை வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தது. எங்கள் மகள் அஷ்மிதாவுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறக்க இருந்தது. அவளும் மருமகன் வினய்யும் மனுரேவாவில் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். கொல்லையில் ஒரு தனியறை கட்டினால் அவர்கள் எங்களோடு இருக்கலாம். அதற்கு இடமோ மரம் நிற்கும் இடம் ஒன்றுதான். சொன்னதும் கால்டர் கண் கலங்கினார். சவிதாவுக்கு வெட்டவும் மனமில்லை, விடவும் மனமில்லை. எனக்குத்தான் தலை வெடித்தது.

கடைசியில் அவளுக்கே பொறுமை போய்விட்டது. சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் வேலை பார்ப்பவள், இது உண்மையிலேயே அவர்கள் மரம்தானா என்று பார்க்க, விடுமுறை நாளான வியாழக்கிழமைகளில் நூலகத்துக்குப் போனாள். மூன்று வியாழன். பழைய நில வரைபடங்களைப் புரட்டி, கால்டரின் கொள்ளுத்தாத்தா வாங்கிய நிலத்தைக் கண்டுபிடித்தே விட்டாள். அது எங்கள் தெருவே இல்லை. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், இப்போது கடைகளின் கார் பார்க். நகலெடுத்து வந்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். வீடு வாங்கிய அன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு கால்டர் தனியாக வந்தார். இரண்டு மாதமாக ஆளைக் காணவில்லை, தொல்லை விட்டது என்று நினைத்திருந்தேன். மார்கரெட் இறந்துவிட்டாராம். சவிதா நகலை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை வந்தேன். நீங்கள் இருவரும் இல்லை, கேட் திறந்திருந்தது. அவளை மரத்தடியில் வைத்துவிட்டேன்" என்றார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கடைசி ஆசையாம்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அஸ்தி. எங்களில் அஸ்தியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டோம், நீரில் கரைத்துவிட்டுத்தான் திரும்புவோம். இந்த மனிதர் கேட்காமல் கொள்ளாமல் என் கொல்லையில் புதைத்திருக்கிறார், அதுவும் அவருக்குச் சம்பந்தமே இல்லாத மரத்தடியில். நான் எழுந்துவிட்டேன். சவிதா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எவ்வளவு ஆழம் என்று மட்டும் அவரிடம் கேட்டாள். அவர் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் போனதும் கத்தித் தீர்த்தேன். வரைபடத்தைக் காட்டு, தோண்டி எடுத்துக்கொண்டு போகச் சொல், நாளைக்கே மரத்தை வெட்டுகிறேன் என்றேன்.

"காட்டினா அவர் எங்க போவாரு? கார் பார்க்குல கொண்டுபோய் வைப்பாரா?"

அது அவர் கொள்ளுத்தாத்தா மரமே இல்லையே என்றேன்.

"இல்லதான். ஆனா அவர் சம்சாரம் இப்ப அங்கதானே இருக்காங்க."

அன்றே அஷ்மிதாவுக்கு ஃபோன் செய்து, எங்கள் படுக்கையறையைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பேரன் பிறந்து அந்த அறையில் தூங்குகிறான், நாங்கள் இருவரும் ஹாலில் படுக்கிறோம். முதுகு வலிக்கிறது, கோபமும் குறையவில்லை. ஆனாலும் கொல்லையில் புல் வெட்டும்போது அந்த இடம் வந்தால், மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் வெட்டுகிறேன்.