உலோகத்துக்கு வயசாயிடுச்சு

கார் எஞ்சினின் மேல்பாகத்தைத் தொழிலில் ஹெட் என்பார்கள். வண்டி கொதித்துப்போனால் முதலில் வளைவது அதுதான். வளைந்த ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்தால் அதைக் கழுவி, விரிசல் பார்த்து, மட்டமாகத் தேய்த்து, வால்வுகளை ஒழுங்காக உட்கார வைத்துத் திருப்பிக் கொடுப்பது இவருடைய வேலை. அதனால் மெக்கானிக்குகள் இவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரம்பு எடுக்காத ஹெட்மாஸ்டர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

பேசியிருக்கலாம், காரணம் இல்லாமல் இல்லை. ஹெட்டின் அடிப்பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால், அந்த வண்டி எவ்வளவு நேரம் கொதித்தபடியே ஓடியது என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். ஆனால் கொண்டுவருகிற அத்தனை பேரும் பாடுவது ஒரே பாட்டு. "சூடு காட்டுற ஊசி மேல ஏறுச்சுங்க, உடனே ஓரம் கட்டிட்டேன்." இவர் கேட்ட வரையில், ஊசி ஏறிய பிறகும் வண்டி ஓட்டிய மனிதர் உலகத்திலேயே கிடையாது. ஹெட்டுகள் பொழுது போகாமல் தாமாகவே வளைந்துகொள்கின்றன போலிருக்கிறது.

"யார் தப்புங்க?" என்று கேட்டால் இவரிடம் ஒரே பதில்தான். "யார் தப்பும் இல்ல. உலோகத்துக்கு வயசாயிடுச்சு." தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டாக்ஸிக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப்போய், அவரும் அவருடைய கூட்டாளியும் பட்டறையிலேயே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு வாய்க்குப் போட்ட பூட்டு. அதற்குப் பிறகு, தங்கமான மனிதர் என்று பெயர் எடுத்துவிட்டார். பூசி மெழுகுவதற்கும் தங்கமான குணத்துக்கும் வித்தியாசம் உண்டு. அதை யார் உரசிப் பார்க்கிறார்கள்?

இந்த முறை மேஜைக்கு வந்தது சொந்த வீட்டு ஹெட்.

வீடு இரண்டு தளம். கீழே இவர், மனைவி, மகள், அப்பா. மாடியில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பையன்கள். ராத்திரிச் சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் கீழே. கார் பொது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் கடைக்குப் போவதும் ஒரு வாரம் அண்ணி, ஒரு வாரம் மனைவி. அதன்பின் இருவரும் வேலைக்குப் பேருந்தில் போய்விடுவார்கள், கடைவீதிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பதால். பகல் முழுக்க வண்டி வாசலில் நிற்கும். சாவி கதவோரத்து ஆணியில் தொங்கும்.

அண்ணியின் வாரம் தொடங்கிய அன்று காலையிலேயே வண்டி பள்ளிக்கூட வாசலில் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இது ஒரு நாளில் வந்த வினை இல்லை என்றார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. போன வாரமே யாரோ கொதிக்க விட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி சாவியை மாட்டியிருக்கிறார்கள் என்றாள் அண்ணி. தன் கையில் இருந்தவரை வண்டி பட்டு மாதிரி ஓடியது என்றாள் மனைவி. பேச்சு தடித்து, "பொய் சொல்றவங்களுக்குத்தான் சத்தம் அதிகமா வரும்" என்று மனைவி வாயை விட்டாள். அண்ணி மறுநாளே போய்த் தன் அம்மா வீட்டுத் தெருவில் குடிபோக ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டு ஆண்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது.

"ஹெட் உங்க கைக்குத்தானே வருது தம்பி. நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. மனைவியும் சரி என்றாள். அந்தப் பையன்கள் இல்லாத மாடியை ஹெட்மாஸ்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பட்டறையில் வால்வுகளைக் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையிலேயே பலகைத் துளைகளில் செருகி வைத்தார். ஸ்கேலை நிறுத்திப் பார்த்தார். பின்பக்கக் கோடியில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தாராளமாக வந்தது. நல்ல வளைவு. அந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படிச் சூடேற வேண்டும் என்று, தண்ணீர் ஓடும் துவாரத்தில் கம்பியை விட்டுக் குத்தினார். கறுப்பாகக் கெட்டிப்பட்ட ஏதோ பொடி உதிர்ந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தவர் அடுக்கடுக்காகத் தும்மினார்.

"என்ன ஹெட்மாஸ்டர், சூப் வெக்கிறீங்களா?" என்றார் பக்கத்து லேத்காரர்.

மிளகுத்தூள். ரேடியேட்டர் ஒழுகினால் அதில் மிளகுத்தூளைப் போடுவது பழைய லாரி டிரைவர்களின் வித்தை. தூள் ஊறிப்போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை போட்டால் ஊர் போய்ச் சேரலாம். டப்பாவைக் கவிழ்த்தால் ஹெட்டுக்குள் தண்ணீர் போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிடும். அண்ணிக்கும் மனைவிக்கும் மிளகு என்றால் அடுப்பங்கரையோடு சரி. அண்ணனுக்குக் காரின் மூடியைத் திறக்கவே தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். இரண்டு தடவை தலைசுற்றி விழுந்த பிறகு, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நாற்காலி போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரேடியேட்டர்ல மிளகு போட்டீங்களா?"

நகவெட்டி நின்றது. "கொஞ்சம் ஒழுகுச்சு."

"எங்க போனீங்க?"

"எங்கயும் இல்ல. பெரிய ரோடு வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன். பகல்ல இந்த வீட்ல என்ன இருக்கு?"

"ஊசி ஏறலையா?"

"ஏறுச்சு. பார்த்துக்கிட்டேதான் ஓட்டிட்டு வந்தேன். நடுவழியில நின்னா உங்கள்ல ஒருத்தரைத்தானே கூப்பிடணும்? அதோட கதை முடிஞ்சிடும்ல?"

இத்தனை வருடத் தொழிலில் உண்மையைச் சொன்ன முதல் ஆள் தன் அப்பாதான் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"நீங்களே அண்ணிகிட்ட சொல்லிடுங்கப்பா."

"சொன்னா சாவியை ஒளிச்சு வெச்சிடுவாங்க. நீ எல்லார்கிட்டயும் சொல்றதையே சொல்லு. உனக்கென்ன புதுசா?"

ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யார் தப்பும் இல்ல. உலோகத்துக்கு வயசாயிடுச்சு" என்றார்.

அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். "அந்த வீட்டுக்காரங்ககிட்ட வர்றோம்னு நாளைக்கே சொல்லிடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பையன்களைக் கிளப்பினாள்.

மனைவி இவர் பக்கம் திரும்பினாள். "பட்டறைக்கு வர்ற வெளியாளுக்குச் சொல்றதையே எனக்கும் சொல்றீங்க. அப்ப நான்தான் கொதிக்க விட்டேன்னு நீங்களும் நினைக்கிறீங்க."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னாள். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. மத்தியானமே உண்மை தெரிந்தும் இவளைக் குற்றவாளியாக உட்கார வைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணி, நில்லுங்க. ஹெட்டுக்குள்ள மிளகு அடைச்சிருந்துச்சு. போட்டது நீங்களும் இல்ல, இவளும் இல்ல. அப்பா பகல்ல வண்டி எடுத்துட்டுப் போயிருக்கார்."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அப்படியே நின்றாள். "மாமா, ரோட்டுல தலை சுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றபோது அவள் குரல் உடைந்தது.

"மிளகு டப்பா காலியாக் கிடந்துச்சுக்கா. நான் பொண்ணைப் போட்டுத் திட்டித் தீர்த்தேன்" என்றாள் மனைவி. சண்டை மூண்ட பிறகு அண்ணியைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அது. அண்ணியின் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உட்காருங்க, பாதியில எழுந்திரிக்காதீங்க" என்றாள். அண்ணி உடனே உட்காரவில்லை. சின்னவனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்தாள்.

எல்லோரும் போன பிறகு அப்பா கை கழுவும் இடத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எவனையும் நீ காட்டிக் கொடுத்ததில்ல. பெத்த அப்பன்தான் கிடைச்சேனா?"

"அவங்கள்ல யாரும் எனக்கு அப்பா இல்லையே" என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஹெட்டை இவரே மட்டமாகத் தேய்த்தார். துவாரங்களைத் துப்புரவாகக் கழுவி, வால்வுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் உட்கார வைத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடைத்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வண்டி முன்னைவிட நன்றாக ஓடுகிறது. மாடி வீட்டுக்காரர்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். அப்பா மருமகள்களோடு பேசுகிறார், பேரப்பிள்ளைகளோடு விளையாடுகிறார், இவரோடு மட்டும் பேசுவதில்லை. தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது, "போய்ட்டு வர்றேம்ப்பா" என்று இவர் சொல்கிறார். அப்பா தலையைத் திருப்பிக்கொள்கிறார். இவர் மறுநாளும் சொல்கிறார்.