செவந்தியின் ஒரு முழம்

கீரமங்கலம் பூக் கமிஷன் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பூக்கட்டும் செவந்தி, கழுத்தில் பாசிமணி போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் 2023 ஜூன் 14, புதன்கிழமை தொடங்கி மூன்று முறை அவள் ஆன்லைனில் கண்ணாடி மணி வாங்கினாள். மூன்றும் என் பெயருக்கே வந்தன. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான என் வீட்டுக்குப் பார்சல் வந்தால் ஏன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

அந்த மணிகளைச் செய்து விற்பவள் அவளுடைய மகள் ரஞ்சிதா, கோயம்புத்தூரில் இருக்கிறாள். கண்ணாடிக் கோலைத் தீச்சுடரில் உருக்கிக் கம்பியில் சுற்றி, ஒவ்வொரு மணியாக உருட்டி எடுக்கிறாள். 2017இல் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது, "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்று பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டாள் செவந்தி. ரஞ்சிதா அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பிறகு வரவில்லை.

முதல் ஆர்டருக்குச் சில நாள் முன்பு என் மருமகள் வைஷ்ணவி போனில் மணி விற்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் முகம் இல்லை, கைகள் மட்டும். பூக் கொடுக்க வந்த செவந்தி எட்டிப் பார்த்தாள். நூலை இடது பெருவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது அந்தக் கை.

"இது நான் பழக்குன முடிச்சு," என்றாள்.

முதலில் ஏழு நீல மணிகள். அடுத்து கனகாம்பர நிறத்தில் ஒன்பது. வந்ததும் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பாள். பிறகு டப்பாவில் போட்டு மூடிவிடுவாள்.

"பார்சல்லயே நம்பர் இருக்கு. பேசிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எந்த வாயாலங்கய்யா பேச? அன்னைக்கிப் பேசுன வாயிதான இது."

2024 ஜனவரி 11, வியாழக்கிழமை மூன்றாவது ஆர்டர். இந்த முறை கோத்த சரமே வேண்டும் என்றாள். நீளம் எவ்வளவு என்று கேட்டேன்.

"ஒரு முழம்னு போடுங்க."

"அங்கிட்டு இஞ்சுக் கணக்குத்தான் கேக்குறாங்க, செவந்தி."

"அதையும் போட்டுக்கங்க. முழம்னும் எழுதுங்க."

ஆர்டரில் நீளத்துக்கான கட்டத்தில் பதினெட்டு இஞ்ச் என்று போட்டேன். குறிப்பில் 'ஒரு முழம்' என்று எழுதினேன்.

செவந்தி நெட்டையானவள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அவள் அளக்கும் முழத்தில் பூ எப்போதும் கூடுதலாகப் போகும். "ஆத்தா, ஒன் கையில கொஞ்சம் வெட்டிவிட்டாத்தான் என் கடைக்குக் கட்டும்," என்பான் கமிஷன் கடை மலையாண்டி. "வெட்டிட்டு யாரை வச்சுக் கட்டுவ?" என்பாள் இவள்.

ஜனவரி 29, திங்கட்கிழமை காலை சரம் வந்தது. நான் டேப் வைத்து அளந்தேன். பத்தொன்பதேகால் இஞ்ச். 'அளவு பிழை' என்று என் பார்சல் கணக்கு நோட்டில் எழுதிவிட்டு அவளிடம் சொன்னேன்.

"மாத்தித் தரச் சொல்லி எழுதட்டுமா?"

அவள் சரத்தை வாங்கினாள். ஒரு முனையை முழங்கையில் வைத்து நீட்டினாள். கடைசி மணி நடுவிரல் நுனியில் சரியாக வந்து நின்றது. நூலிழைகூட முன்னே பின்னே இல்லை. சிறுமியாய் இருந்தபோது அந்தக் கைக்கு எதிரில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்தவள் ரஞ்சிதா.

செவந்தி கையை மடக்கவே இல்லை. "என் கைய மறக்கலைங்கய்யா," என்றாள்.

நோட்டில் எழுதியதை அடித்தேன்.

"அந்த நம்பரைப் படிங்க."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். தன் போனில் ஒன்பது எண்களை அழுத்திவிட்டு நிறுத்தினாள். கடிகாரத்தில் பதினொன்று இருபது. பத்தாவதைச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

 உள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"நெருப்புல வேலை பாக்குறியே ஆத்தா, கையில சூடு கீடு பட்டுச்சா?"