இரண்டு கடற்கரைகளும் ஒரு டெலிபோனும்

தேயிலை விலை விழுந்து கிடந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது தேயிலையைப் பற்றி அல்ல. கரீபியன் தீவு ஒன்றின் இரண்டு கடற்கரைகளைப் பற்றித்தான். அவற்றை நானும் பார்த்ததில்லை, என் மனைவியும் பார்த்ததில்லை.

எங்களுக்கு வீடு குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவில். விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில், இலை வாட்டும் மாடிக்கு நான் மேற்பார்வையாளன். விலை சரியத் தொடங்கியது தொண்ணூறுகளின் கடைசியில். எங்கள் தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஊரில் இரண்டையும் ஒரே சமயத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள், அப்படி இல்லை. இடையில் ஒரு காலம் இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட காலம். எங்கள் ஒரே மகன் ஊட்டியில் கேட்டரிங் படித்து முடித்தது அப்போதுதான். அவனோடு பள்ளியில் படித்தவர்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். இவன் மும்பை ஏஜென்ட் ஒருவர் மூலம் சுற்றுலாக் கப்பலில் சேர்ந்தான். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை.

அந்தக் கப்பல் செக்கு மாடு போல ஒரே வட்டத்தைச் சுற்றியது. ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் அந்தத் தீவில் நிற்கும். மற்றத் துறைமுகங்களில் அவனுக்குக் கீழே இறங்கவே நேரம் இருக்காது. இங்கு மட்டும் காலைச் சிற்றுண்டி முடிந்ததிலிருந்து மதியப் பந்தி வரை விடுவார்கள். அங்கே காலை பத்து என்றால் நமக்கு இரவு ஏழரை.

வீட்டில் போன் இல்லை. கடைவீதியில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதை நடத்திய பெண் சிலோனிலிருந்து சிறுமியாக வந்தவர். அங்கே தோட்டத்தில் பேசிய பேச்சை முழுதாக விடாதவர். போன் 'கால்' வந்தால் அதைக் 'கோல்' என்றுதான் சொல்வார். திருப்பூருக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் எல்லாம் மாலை ஆனால் அந்தப் பூத் வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே லைன். மணி அடித்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள்.

கார்த்திகை பிறந்து வந்த முதல் வியாழனில் எங்களுக்கு முதல் அழைப்பு வந்தது. கடலோரத்தில் கப்பல்காரர்களுக்காக வைத்திருக்கும் டெலிபோனிலிருந்து பேசினான். அவன் அம்மா முதலில் சாப்பாட்டைக் கேட்டாள். பிறகு குளிரைக் கேட்டாள். குளிரே இல்லை என்றதை நம்பாமல் ரிசீவரை என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா, இங்க ரெண்டு பீச் இருக்குதுங்க. ஒண்ணு பக்கத்துலயே. போனும் இங்கதான். ஆனா வரிசைல நின்னு பேசறதுக்குள்ள பாதி நேரம் போயிருது. இன்னொண்ணு தீவோட அந்தப் பக்கம். எங்க பசங்க எல்லாம் எறங்குன உடனே வேன் புடிச்சு அங்க போயிடறாங்க. அங்க போன் கெடையாது. நான் எதுக்குப் போறதுங்க? நீங்கதான் புக்கெல்லாம் படிக்கறீங்களே, பாத்துச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அந்த வாரமும் தொழிற்சாலை பாதி நாள் மூடியிருந்தது. மூடியிருந்த நாட்களில் வீட்டில் உட்கார என்னால் முடியாது. குன்னூர் நூலகத்துக்கு நடந்தேன். பழைய அட்லஸில் அந்தத் தீவு ஒரு மிளகு அளவு இருந்தது. கலைக்களஞ்சியத்தில் அரைப் பக்கம். பிறகு பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த பிரவுசிங் சென்டரில் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக, தாழ்வாரத்தில் மழை நீர் சொட்டுவது போல மெதுவாக இறங்கியது. முதலில் வானம் வந்தது. மணல் வருவதற்குள் மின்சாரம் போனது. மறுநாள் மறுபடி போனேன்.

ஒன்று விளங்கியது. அங்கே காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வருகிறது. தீவின் நடுவில் ஒரு மலை. கிழக்குக் கரையில் காற்றும் அலையும். மலைக்கு மேற்கே, கப்பல் நிற்கும் பக்கம், மறைவில் தண்ணீர் குளம் போல இருக்கிறது. இது நமக்குப் புதிதல்ல. கூடலூர்ப் பக்கம் ஆனியில் கொட்டும்போது இந்தப் பக்கம் வெறும் சாரல்தான். நமக்கு ஐப்பசியில்தான் மழை. நம் மலையில் வீட்டுக்கு மனை பார்க்கிறவர் முதலில் கேட்பது காற்று மறைவைத்தான். அப்புறம் வெயில் எவ்வளவு நேரம் விழும் என்று கேட்பார். பனியில் பாதி நாள் நடுங்குகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? இரண்டும் பக்கத்துக் கரைக்கே இருந்தன. அவனுக்கு நீச்சல் வேறு தெரியாது. இந்தக் குளிரில் யார் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக் கொடுப்பார்கள்?

இதையெல்லாம் மனைவியிடம் வரைந்தே காட்டினேன். தீவு, மலை, காற்று வரும் திசை. அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அங்க என்ன ஊடு கட்டவா போறான்?"

"அதுக்கில்லம்மா. காத்து மறைவா, வெயிலா இருந்தா ஒடம்புக்கு நல்லது."

"காத்தைச் சொன்னீங்க, அலையைச் சொன்னீங்க. போனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

"அதுவும் அங்கதான இருக்குது."

"ம். அதுவும் அங்கதான் இருக்குது" என்றாள். சிரித்தது காய்களைப் பார்த்து.

அடுத்த அழைப்பில் அவனிடம் பக்கத்துக் கரை என்று சொன்னேன், காரணங்களோடு. "சரிங்கப்பா" என்றான். அதன் பிறகு மார்கழி முழுவதும், கப்பல் அங்கே நின்ற வியாழன்களில் அழைப்பு தவறவில்லை. அவன் அம்மா காலையிலேயே பரபரப்பாகிவிடுவாள். மாலை ஐந்து மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு, ஆறு மணிக்குக் கதவைப் பூட்டி, மறுபடி திறந்து அடுப்பைப் பார்த்து, மறுபடி பூட்டுவாள். பூத் பெண் எங்களைக் கண்டதும், "அக்கா, இன்னைக்கு ஒங்க கப்பல் கோலா?" என்பார். "கடல்ல நான் ஒரே ஒரு தடவதான் வந்தேன். தலைமன்னார்ல ஏறுனதும் ராமேஸ்வரத்துல எறங்குனதும் ஞாபகம் இல்ல. நடுவுல வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கு. ஒங்க மகன் எப்பிடித்தான் அதுல தட்டத் தூக்கிட்டு நடக்குறாரோ!"

பேச்சு சில நிமிடங்கள்தான். போன் பேச அவன் வாங்கும் கார்டு தீர்ந்துவிடும். ஆனால் அவள் அதை வைத்துப் பதினான்கு நாளை ஓட்டிவிடுவாள்.

எனக்குத்தான் ஒன்று உறுத்தத் தொடங்கியது. ஒரு அழைப்பில் பீச் எப்படி என்று கேட்டேன். சிரித்தான். "அப்பா, நீங்க சொன்ன மாதிரியே காத்தே இல்லீங்க. அதான் கஷ்டம். தோல் உரியற வெயில். இங்கெல்லாம் ஆளுங்க நெழலுக்குத்தான் அலையறாங்க, வெயிலுக்கு இல்ல. அந்தப் பக்கம் ஜில்லுனு காத்தடிக்குமாம்." கோபமாகச் சொல்லவில்லை. மலையில் பிறந்தவன் மலைக்காரனிடம் சொல்கிற நகைச்சுவையாகத்தான் சொன்னான். அவன் கரையை நான் எங்கள் மலையின் கட்டபெட்டுச் சரிவில் மனை பார்ப்பது போலப் பார்த்திருந்தேன். மறைவும் வெயிலும் சேர்ந்தால் அந்த ஊரில் அதற்குப் பெயர் அடுப்பு.

இருந்தாலும் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் அவன் அம்மா ரிசீவருக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

தை மாதத்தின் முதல் அழைப்பில்தான் எல்லாம் மாறியது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு என்ன செய்தோம், எதிர்வீட்டு மாடு கன்று போட்டது, இதெல்லாம். திடீரென்று நிறுத்தினாள். ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறார். எங்கள் மகன் பதில் சொல்கிறான்: "எஸ் மேடம். ஷ்யூர் மேடம். ஒன் மினிட் மேடம்." குரல் அவனுடையதுதான், ஆனால் யாரோ அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தது போல இருந்தது. பிறகு மறுபடி எங்களிடம் வந்தான்.

"யாரு சாமி அது?"

"என் டேபிள்ல சாப்புடறவங்கம்மா. நாற்காலி எடுத்துப் போடச் சொல்றாங்க. கப்பல்ல வர்ற பயணிங்க பூராவும் இந்த பீச்சுக்குத்தான் வருவாங்க."

"உனக்கு இப்ப லீவுதான?"

"லீவுதாங்மா. அதுக்காக, பாத்துட்டுச் செய்ய மாட்டேன்னு சொல்ல முடியுமா? இது எப்பவும் இருக்கறதுதான்."

"அந்தத் தூரத்துக் கரைக்கு அவங்க வருவாங்களா?"

"அங்க யாரும் வர மாட்டாங்க. எங்க பசங்க மட்டுந்தான்."

"அப்ப அடுத்த தடவை அங்க போ."

"அம்மா, அங்க போன் இல்லீங்களே."

"அது எனக்குத் தெரியும். எறங்குன உடனே வேன்ல ஏறு. வரிசைல நிக்காத. ஆனா தண்ணிக்குள்ள முழங்காலுக்கு மேல எறங்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். கார்டு தீர்ந்தது. என்ன பதில் சொன்னான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், வளைவு தாண்டியதும், "லீவுல கூட அவன் நிமுந்து நின்னுட்டேதான் நம்மகிட்டப் பேசியிருக்கான், இத்தனை நாளும்" என்றாள்.

கப்பல் அங்கே நிற்கும் அடுத்த வியாழனுக்கு முந்தின இரவு உறைபனி விழுந்து, விடிந்தபோது தேயிலையின் மேல் இலைகள் கருகியிருந்தன. இன்று பூத்துக்குப் போக வேண்டியதில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். மதியம் ஒரு முறை, நான்கு மணிக்கு ஒரு முறை. நான் அலமாரியை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். ஆறு மணிக்கு அவள் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. நானும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கூடவே நடந்தேன்.

பூத் வாசலில் நல்ல கூட்டம். "அண்ணே, இன்னைக்கு ஒங்களுக்கு கோல் இருக்கா?" என்றார் பூத் பெண்.

"வரக் கூடாது" என்றாள் என் மனைவி.

"வரக் கூடாத கோலுக்கு எதுக்குக்கா இந்தக் குளிர்ல?"

"வந்துச்சுன்னா திட்டறதுக்குத்தான்."

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கப்பல்காரம்மாவுக்குத் திட்டறதுக்குக்கூட ஃபாரின்தான் வேணும்" என்றார் ஒருவர். அவளும் சிரித்தாள். ஆனால் மணி அடித்தபோது அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. திருப்பூர். அடுத்ததும் திருப்பூர். ஒரு தகப்பனார் இருபது நிமிஷம் போல லைனைப் பிடித்துக்கொண்டு மகளிடம் தைலம் தேய்க்கும் முறையை விளக்கினார். அந்த நேரத்தில் இவன் முயன்றிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. கப்பல் கரைக்கு வராமலே போயிருக்கலாம். அவனுக்கு விடுப்பே கொடுக்காமல் இருந்திருக்கலாம். இவை எல்லாம் மனதில் வரிசையாக வந்தன.

அங்கே மதியப் பந்திக்கு அவன் திரும்ப வேண்டிய நேரம் தாண்டியது. அவள் எழுந்து சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வேன்ல ஏறிட்டான்" என்றாள்.

"ஆமா."

"தண்ணில எறங்கியிருப்பானுங்களா?"

"முழங்கால் வரைக்கும்."

"அவனாவது முழங்காலோட நிக்கறதாவது" என்றபடி படியிறங்கினாள். குரலில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

பத்தடி போயிருப்போம். பின்னால் மணி அடித்தது. இருவரும் சாலையில் அப்படியே நின்றோம். திரும்பிப் பார்க்கவில்லை. பூத் பெண் ரிசீவரை எடுத்து, அலோ, அலோ என்று இரண்டு முறை கத்தினார். பிறகு வாசலைப் பார்த்து, "டெய்லர் வீட்டுக்காரங்க இருக்கீங்களா?" என்றார்.

அவள் மூச்சை விட்டாள். நாங்கள் நடந்தோம்.